விஞ்ஞானப் பட்டம் நாடும் மாணவர்க்கு

நமது சங்க அங்கத்தினர் இல்லங்களில், பிள்ளைகளை விஞ்ஞானப் பட்டப் படிப்பில் சேர்க்கும் ஆவல் பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் கல்லூரி வாசலை மிதித்த பின்னரே பலர் பாடத்தைப் பற்றி யோசிப்பதைத் தணிக்கைக்குச் செல்லும் ஊர்தோறும் காண்கிறோம். வழி அதற்கு முன்பே பிரிந்துவிடுகிறது.

பதினொன்றாம் வகுப்பில் கணிதத்தைக் கைவிட்டவர்க்குப் பௌதிகப் பட்டப் படிப்பின் கதவு பெரும்பாலும் அடைபட்டுவிடும். கணிதத்தையும் உயிரியலையும் சேர்த்துப் பயில்வோர்க்கோ இரு வழிகளும் திறந்திருக்கும். ஆகவே பத்தாம் வகுப்புத் தேறியவுடனேயே பாடப் பிரிவை ஆராய்தல் அவசியம்.

அடுத்தது கால அளவு. நம் மாநிலக் கல்லூரிகளில் ரசாயனம், தாவரவியல் முதலியவற்றில் பட்டம் பெறப் பொதுவாக 3 ஆண்டுகள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இளநிலை வேளாண்மைப் பட்டத்திற்கு 4 ஆண்டுகள். ஆராய்ச்சியோ கல்லூரி ஆசிரியப் பணியோ நாடுவோர் முதுநிலைப் பட்டத்திற்கென மேலும் 2 ஆண்டுகள் பயில வேண்டும். கடன் பெறுமுன் இம்மொத்தச் செலவையும் கணக்கிடுங்கள்.

சாயத் தொட்டியில் காரம் சேர்ப்பது ஏன், களர் நிலத்திற்கு ஜிப்சம் இடுவது ஏன் என்று வினவும் பிள்ளைக்கு ரசாயனம் அந்நியமன்று. அந்த நாட்டத்தையே முதற்கண் கவனியுங்கள். சேருமுன் ஆய்வுக்கூடத்தை நேரில் பார்த்து, மாணவர் தம் கையாலேயே சோதனைகள் செய்கின்றனரா என்றும் விசாரியுங்கள். இவற்றைப் பிள்ளைகளோடு கலந்து பேசி முடிவு செய்யுமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.