உங்க வார்டு எல்லையை யார் வரையுறாங்க?
மயிலாப்பூர், தி.நகர், அடையாறுக்காரங்களுக்கு ஒரு கணக்கு. 2011 வரைக்கும் பழைய சென்னைக்கு 155 வார்டு. அந்த வருஷம் அம்பத்தூர், ஆலந்தூர் எல்லாம் மாநகராட்சியோட சேர்ந்து, மொத்தம் 200 வார்டு ஆச்சு. ஆனா பழைய நகரத்துக்குக் கிடைச்சது 107தான். அங்க அப்போ சுமார் 46 லட்சம் பேர். ஒரு கவுன்சிலருக்குச் சராசரியா 30 ஆயிரம் பேர்னு இருந்தது, 43 ஆயிரமாச்சு. குப்பை, தெருவிளக்குன்னு புகார் சொல்லப் போனா, வரிசை அவ்வளவு நீளம்.

எல்லையைப் பத்தி நாமளும் பேசலாம். 2017 டிசம்பர்ல மறுவரையறை வரைவு வந்தப்போ, மக்கள்கிட்ட ஆட்சேபனை கேட்டாங்க. அடுத்த வரைவு வரும்போது ரெண்டு விஷயம் பாருங்க: பக்கத்து வார்டைவிட உங்க வார்டுல ஆள் அதிகமா? ஒரே குடியிருப்பு ரெண்டு வார்டா பிரியுதா? கெடு முடியுறதுக்குள்ள எழுதிக் கொடுங்க. இறுதி அறிவிப்பு வந்துட்டா, அப்புறம் பல வருஷத்துக்கு அதே எல்லைதான்.