சாக்லேட்டின் வரலாறும் விளைவிப்போர் பங்கும்

வண்ணத் தாள் சுற்றி விற்கப்படும் சாக்லேட், குழந்தைகள் விரும்பும் தின்பண்டம் என்ற அளவில் அனைவரும் அறிந்ததே. ஆயின், அது கொக்கோ என்னும் மரத்தின் விதையிலிருந்து செய்யப்படுகிறது என்பதையும், அவ்விதை ஒரு காலத்தில் நாணயமாகவே வழங்கியது என்பதையும், அதனை விளைவித்தோர் உரிய விலை பெறப் பெரும்பாடு பட்டனர் என்பதையும் பலர் அறியார். விளைபொருள் கைமாறுந்தோறும் அதன் மதிப்பு யாரிடம் சென்று தங்குகிறது என்று ஆராயும் கூட்டுறவாளர்க்கு இவ்வரலாறு பெரிதும் பயன்படும்.

கொக்கோ மரத்தின் தாயகம் தென்னமெரிக்காவில் அமேசான் ஆற்றின் தலைப்பகுதியாகும். ஈக்குவடார் நாட்டில் அகழ்ந்தெடுத்த பழங்கலங்களை ஆராய்ந்த அறிஞர், ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு வாழ்ந்தோர் கொக்கோவைப் பயன்படுத்தினர் என 2018இல் வெளியிட்டனர். இம்மரம் பலாவைப் போல அடிமரத்திலேயே காய்க்கும். ஒரு காயினுள் வெண்சதை போர்த்த விதைகள் முப்பது நாற்பது இருக்கும். பச்சை விதை கசப்பும் துவர்ப்பும் உடையது. சதையோடு அதனைக் குவித்து, வாழையிலையால் மூடி, ஐந்தாறு நாள் புளிக்கவைத்துப் பின் வெயிலில் உலர்த்தினால்தான் சாக்லேட்டின் மணத்திற்கு வேண்டிய கூறுகள் விதையினுள் உண்டாகும். இப்பணி பெரும்பாலும் விளைவிப்போர் களத்திலேயே நடைபெறுகிறது. செம்மையாகப் புளிக்காத விதையை எந்த இயந்திரமும் நல்ல சாக்லேட்டாக மாற்ற இயலாது.

நடு அமெரிக்காவில் வாழ்ந்த மாயர்கள் விதையை வறுத்து, அம்மி போன்ற கல்லில் அரைத்து, நீரும் மிளகாயும் கலந்து பருகினர். நாம் காப்பி ஆற்றுவது போல ஒரு கலத்திலிருந்து மற்றொன்றிற்கு உயரத் தூக்கி ஊற்றி நுரை எழச் செய்தனர். அந்நுரையே பானத்திற்குச் சிறப்பு எனக் கருதினர். அவர்களை அடுத்து மெக்சிகோவில் ஆண்ட அஸ்டெக் மக்களின் தலைநகர் உயர்ந்த மேட்டுநிலத்தில் இருந்தமையால், அங்கே கொக்கோ விளையவில்லை. வெப்பமான நாடுகளிலிருந்து திறைப் பொருளாகவும் வணிகப் பொருளாகவும் அது வந்தது. அரிதாகக் கிடைத்தமையின் விதையே காசாயிற்று. ஸ்பானியர் ஆட்சி ஏற்பட்ட பின்னரும் இவ்வழக்கம் நீடித்தது. 1545ஆம் ஆண்டு திலாஸ்காலா நகரத்து விலைப்பட்டியலின்படி, நல்ல பெட்டை வான்கோழி ஒன்றின் விலை 100 முழு விதைகள். விதை சுருங்கியதாயின் 120 கொடுக்க வேண்டும். பெரிய தக்காளி ஒன்று ஒரு விதைக்குக் கிடைத்தது. விதைத் தோலினுள் மண்ணை அடைத்துக் கள்ள நாணயம் புழங்கவிட்டோரும் இருந்தனர்.

ஸ்பானியர் இப்பானத்தில் மிளகாயை விலக்கிச் சர்க்கரையும் இலவங்கப்பட்டையும் சேர்த்தனர். ஐரோப்பாவில் அது செல்வர் அருந்தும் பானமாயிற்று. நோன்பு நாளில் இதனைப் பருகலாமா என்று கத்தோலிக்கப் பாதிரிமாரிடையே நெடிய வாதம் நிகழ்ந்தது. லண்டனில் 1657இல் சாக்லேட் விற்பனைக் கடை திறக்கப்பட்டது. தேவை பெருகவே, வெனிசுவேலா முதலிய நாடுகளில் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டு தோட்டங்கள் வளர்க்கப்பட்டன. பருகியோர் ஓரிடத்தும் பாடுபட்டோர் வேறிடத்தும் ஆயினர்.

இயந்திரங்கள் இவ்விடைவெளியை மேலும் அகலச் செய்தன. கொக்கோ விதையில் ஏறக்குறையப் பாதி கொழுப்பாகும். ஹாலந்து நாட்டு வான் ஹூட்டன் குடும்பத்தார் அக்கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் அழுத்துப்பொறிக்கு 1828இல் காப்புரிமை பெற்றனர். 1847இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஃபிரை நிறுவனம், பிழிந்த கொழுப்பைத் தூளோடும் சர்க்கரையோடும் மீண்டும் கலந்து, தின்னத்தக்க கட்டியாக வார்த்தது. 1875இல் ஸ்விட்சர்லாந்தின் டேனியல் பீட்டர் பால் சேர்த்தார். கொக்கோ மரம் வளரவியலாத குளிர் நாடுகளில் ஆலைகள் ஓங்கின. விலையை வகுக்கும் ஆற்றலும் அங்கே சென்று தங்கிற்று.

இதனை எதிர்த்து நின்ற குடியானவர் வரலாறு நாம் கருதத்தக்கது. ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரை, அதாவது இன்றைய கானா நாட்டிற்கு, டெட்டே குவார்ஷி என்பவர் 1879இல் கொக்கோ விதை கொணர்ந்தார் என்பர். சிறு குடியானவர் உழைப்பினால் 1911ஆம் ஆண்டளவில் அந்நாடு உலகில் முதலிடம் பெற்றது. 1937இல் ஐரோப்பியக் கொள்முதல் நிறுவனங்கள் தமக்குள் உடன்படிக்கை செய்து போட்டியை ஒழித்தன. விவசாயிகளும் ஊர்த்தலைவர்களும் ஒன்றுபட்டு, விற்பதில்லை என உறுதிபூண்டனர். மாதக்கணக்கில் விளைச்சலை வெளியே விடவில்லை. 1938இல் பிரிட்டிஷ் அரசின் விசாரணைக் குழு வந்தபின் உடன்படிக்கை நிறுத்திவைக்கப்பட்டது. 1947இல் விற்பனை வாரியம் அமைந்தது. எனினும், உலக விலையில் பெரும்பகுதியை வாரியம் பிடித்துவைத்தமையால் விவசாயிகள் குறை முற்றும் தீரவில்லை. பின்னர் 1993இல் குவாப்பா கொக்கூ என்னும் விவசாயிகள் கூட்டுறவு அங்கே தோன்றியது. 1998இல் பிரிட்டனில் தொடங்கிய சாக்லேட் நிறுவனம் ஒன்றில் அது மூன்றில் ஒரு பங்கிற்கு உரிமை பெற்றது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. கர்நாடகம், கேரளம் ஆகிய இரு மாநிலப் பாக்கு விவசாயிகளுக்காக 1973இல் மங்களூரில் தோன்றிய கேம்ப்கோ கூட்டுறவு, கொக்கோ விலை வீழ்ந்து கொள்வோர் பின்வாங்கிய காலத்தில் கொள்முதலை மேற்கொண்டு, 1986இல் புத்தூரில் சொந்தமாகச் சாக்லேட் ஆலை நிறுவியது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கொக்கோ வளர்ப்போர் இதனை ஊன்றிக் கருதுதல் நலம்.

ஆலை கண்டால் மட்டும் போதுமா எனின், போதாது. ஓர் உறுப்பினர் அரைகுறையாகப் புளிக்கவைத்த விதையைக் கலந்தால், சங்கத்தின் சரக்கு முழுவதுமே தரம் குறையும். ஆகவே புளிப்பித்தல், உலர்த்தல், எடையிடல் ஆகியவற்றில் பொது ஒழுங்கு முதலில் வேண்டும். ஆலை அதன்பின் வரவேண்டும். நூலை வணிகரிடம் கடனாக வாங்கி, துணியை அவரிடமே அவர் சொன்ன விலைக்கு ஒப்படைத்த நாளை நெசவாள உறுப்பினர் மறந்திரார். அவர்கள் நூலுக்கும் துணிக்கும் இடையே கண்ட உண்மையும், குடியானவர் விதைக்கும் கட்டிக்கும் இடையே காண்பதும் ஒன்றே. பண்டத்தின் கடைசி வடிவத்தில் பங்கு இல்லாதவர்க்கு அதன் விலையிலும் சொல் இல்லை.