சும்மா இருத்தலும் அரைப்பேரும்

ஹட்டன் வட்டாரத்துப் பள்ளியொன்றின் உயர்வகுப்பில் ஒருநாள் யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். சும்மா இருத்தலே பேரின்பம் என்பது அவருடைய உபதேசத்தின் சாரம் என்று சொல்லி முடித்ததும், பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள்.

"எங்க அம்மா சும்மா இருந்தா அரைப்பேர்தானே போடுவாங்க, சேர்?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டத்திலே ஒருநாள் உழைப்புக்குப் 'பேர்' என்றே பெயர். குறித்த நிறைக்குக் கொழுந்து இருந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மனிதரின் பேரையே தராசு பாதியாக்கும் இடத்தில் நின்றுகொண்டு சும்மா இருத்தலின் சுகத்தை நான் எடுத்துரைக்கிறேன்! மாதச் சம்பளம் வாங்குபவனுக்கு வேதாந்தம் எளிதன்றோ?

அன்றிரவு சுவாமிகளின் வரலாற்றை மீண்டும் எண்ணிப் பார்த்தேன். 1872 இல் பிறந்த அவரும் உத்தியோகம் பார்த்தவரே. கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைகளுக்கான களஞ்சியத்தின் காப்பாளராய் இருந்தார். எண்ணிக் கொடுப்பதும் கணக்கெழுதுவதும் அறியாதவரல்லர். நல்லூர்த் தேரடியில், ஊரார் பித்தர் என்று ஒதுக்கிய செல்லப்பா சுவாமிகளிடம் அகப்பட்ட பின்னரே அவ்வேலையைத் துறந்தார். கொழும்புத்துறையில் ஒரு சிறு கொட்டில் அவருக்குப் போதுமானதாயிற்று. 1964 இல் மறையும்வரை அங்கே தேடிவந்தவர்கள் பலர்.

ஆனால், அவர் வழியில் 1935 இல் தோன்றிய இதழின் பெயரைக் கவனியுங்கள்: 'சிவதொண்டன்'. தொண்டன் எவ்வாறு சும்மா இருப்பான்? கைகள் வேலை செய்யும். 'நான் செய்கிறேன்' என்னும் சுமை மட்டும் உள்ளே இராது. திருவண்ணாமலையில் இரமணரும் விடியுமுன்னே அடுக்களையில் அமர்ந்து காய்கறி நறுக்கியவர்தாமே!

மறுநாள் இவ்விளக்கத்தை அந்த மாணவியிடம் சொன்னேன். அவள் சற்று யோசித்தாள்.

"அம்மா அப்படி நிப்பாங்க, சேர். மடுவத்துல கொழுந்து நிறுத்ததும் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கிட்டே நிப்பாங்க. கூப்பிட்டாலும் காது கேக்காது."

"களைப்பாக இருக்கும்."

"களைப்புன்னா உக்காந்திருவாங்களே. இது வேற. முகமே வேற மாதிரி இருக்கும்."

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. தேடிய உதாரணம் மடுவத்து வாசலிலேயே கிடைத்துவிட்டதென்று எண்ணி, "தினமும் அப்படி நிற்பாரா?" என்று கேட்டேன்.

"அரைப்பேர் போட்ட அன்னைக்கு மட்டும் நிக்க மாட்டாங்க, சேர். நேரா லயத்துக்கு வந்துருவாங்க."