நிறத்தை எண்ணாக்கும் பொறி

உதகையிலிருந்து கூடலூர் செல்லும் நெடுஞ்சாலையினின்று விலகிச் சென்றால் கிளென்மார்கனை அடையலாம். தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். பைக்காரா நீர்மின் திட்டத்தின் நீர் இங்கிருந்துதான் குழாய்கள் வழியே சிங்காரா மின்நிலையத்துக்கு இறங்குகிறது; 1932இல் இயங்கத் தொடங்கிய நிலையம் அது. இத்தகைய மலையூர்களில் எடுக்கப்படும் குருதி பெரும்பாலும் நகரத்து ஆய்வகங்களுக்குப் பயணம் செய்தாக வேண்டும். அங்கு அதனை எதிர்கொள்ளும் தானியங்கிப் பகுப்பாய்வி எவ்வாறு இயங்குகிறது என்பதையும், அது எதனை அறியாது என்பதையும் இங்கு காண்போம்.

உறைந்த குருதியை வேகமாகச் சுழற்றினால் அணுக்கள் அடியில் தங்கி, மேலே சீரம் தெளிந்து நிற்கும். பகுப்பாய்வியின் நுண்குழல் அதில் சில மைக்ரோலிட்டர் மட்டுமே உறிஞ்சி, சிறு கண்ணறை ஒன்றில் இடும். அதனுடன் வினைப்பொருள் சேர்ந்து, 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வினை நிகழும். சர்க்கரையை அளக்கும் முறைகளுள் ஒன்றில், குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதி குளுக்கோஸினின்று ஹைட்ரஜன் பெராக்சைடைத் தோற்றுவிக்க, மற்றொரு நொதி அதனைக் கொண்டு செந்நிறத்தை உண்டாக்குகிறது. சர்க்கரை மிகுந்தால் நிறம் அடரும். அந்நிறத்தின் ஊடே ஒளியைச் செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்பதைப் பொறி கணக்கிடும். 1760இல் லாம்பர்ட்டும் 1852இல் பீரும் வகுத்துத் தந்த விதியே இதன் அடிப்படை. 1957இல் விற்பனைக்கு வந்த ஸ்கெக்ஸின் ஆட்டோ அனலைசர், ஒரே குழாயில் அடுத்தடுத்து ஓடும் மாதிரிகளைக் காற்றுக் குமிழிகளால் பிரித்து வைத்தது. இன்றைய பொறிகளிலோ ஒவ்வொரு சோதனைக்கும் தனிக் கண்ணறை.

பொட்டாசியத்துக்கு நிறம் துணைபுரியாது. வாலினோமைசின் என்னும் பொருள் கலந்த மென்சவ்வு அவ்வயனியைத் தேர்ந்து ஏற்க, அதனால் எழும் மின்னழுத்தமே அளவாகிறது.

மாதிரியைப் பேணுவது பற்றிய கவலை புதியதன்று. சிறுநீரை நோக்கி நோயறிதலைப் பற்றி எழுதிய இப்னு ஸீனா (980–1037), அல்கானூனில் அதற்கு நிபந்தனைகள் விதிக்கிறார்: காலையில், உண்ணாமலும் பருகாமலும் இருக்கையில் பெறப்பட்டதாக இருத்தல் வேண்டும், குங்குமப்பூ போன்ற நிறமேற்றும் பொருள்களை உண்டிருத்தல் கூடாது, நெடுநேரம் வைத்திருக்கவும் கூடாது. கண்ணாடிக் கலத்தை நோக்கிய அம்மருத்துவரின் கண் போயிற்று, ஒளியுணரி வந்தது. நிபந்தனைகள் மட்டும் அப்படியே நிற்கின்றன.

உறைபனி விழும் ஒரு ஜனவரிக் காலையில் கிளென்மார்கனில் ஒருவருக்கு இரத்தம் எடுக்கப்பட்டு, அணுக்கள் பிரிக்கப்படாமலே பல மணி நேரம் குளிரில் இருந்ததாகக் கொள்வோம். செவ்வணுக்களுக்குள் பொட்டாசியம் மிகுதி. அதனை உள்ளே நிறுத்தி வைக்கும் இயக்கம் குளிரில் தளர, பொட்டாசியம் வெளியே கசிகிறது. உண்மையில் 4.2 மில்லிமோலாக இருந்த அளவு 6ஐத் தாண்டியும் தோன்றலாம். அணுக்கள் உடைந்திருப்பின் சீரம் சிவக்கும். பொறி அதனைக் கண்டு எச்சரிக்கும். குளிரில் நிகழும் இக்கசிவுக்கோ நிறமில்லை. இல்லாத ஆபத்துக்கு மருந்து தரப்படலாம். அதனினும் அஞ்சத்தக்கது மற்றொன்று: சிறுநீர் பெருக்கும் மாத்திரையால் பொட்டாசியம் குறைந்துபோன இதய நோயாளியின் அளவு, இக்கசிவினாலேயே இயல்பானதாகத் தோன்றிவிடும். எவரும் ஐயுறார்.

வெப்பத்தில் நிலைமை மாறுகிறது. பிரிக்கப்படாத அணுக்கள் சர்க்கரையை உண்டுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு ஏறக்குறைய 5 முதல் 7 விழுக்காடு குறையும். ஆக, சர்க்கரையைக் காக்கும் குளிர் பொட்டாசியத்தைக் கெடுக்கிறது! ஆகவே பனிக்கட்டிப் பெட்டி எல்லாவற்றுக்கும் தீர்வாகாது. குருதி உறைந்தவுடன், மலையிலேயே, ஒரு சிறு சுழற்சிப் பொறியில் சீரத்தைப் பிரித்து அனுப்புவதே தக்க வழி. கூழ் இட்ட குழாயாயின் அக்கூழே அணுக்களுக்கும் சீரத்துக்கும் இடையில் தடுப்பாக நின்றுவிடும். அதற்கு இயலாத இடங்களில், குருதி எடுத்த நேரத்தைக் குழாயின் மேல் எழுதியனுப்பவாவது செய்யலாம். ஐயத்துக்குரிய அளவைக் காணும் மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது அந்த நேரத்தைத்தான்.