விலையை மறைத்துச் சுவைத்தல்: சிவப்பு ஒயினை மதிப்பிடும் முறை

சிவப்பு ஒயின் என்பது கருந்திராட்சையின் சாற்றைத் தோலோடும் விதையோடும் சேர்த்தே நொதிக்கவைத்துப் பெறும் மது. நிறத்தைத் தரும் ஆந்தோசயனின்கள் தோலிலும், நாவை இறுகச் செய்யும் டானின்கள் தோலிலும் விதையிலும் இருப்பதால், வெள்ளை ஒயினில் மிகக் குறைவாக உள்ள துவர்ப்பு இதில் முதன்மை பெறுகிறது. 1999-இல் ராஜீவ் சமந்த் நாசிக்கில் தொடங்கிய சுலா, பெங்களூருக்கு அருகே நந்தி மலைப் பகுதியில் கன்வல் குரோவர் நிறுவிய தோட்டம் ஆகியவற்றின் வழியாக, இறக்குமதி வரி சுமக்காத உள்நாட்டுச் சிவப்பு ஒயின்கள் இன்று நடுத்தர வருவாயினருக்கும் எட்டும் விலையில் கிடைக்கின்றன. தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கு 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சைக்குப் பெயர்பெற்றது என்றாலும், அத்திராட்சை பெரும்பாலும் பழமாகவே உண்ணப்படுகிறது.

சென்னையை அடுத்த செம்பரம்பாக்கத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் என விரியும் வாகனத் தொழிற்சாலைகளில், ஓர் உதிரிபாகத்தை அளக்கும் முன் அளக்கும் கருவியையே சோதிப்பது வழக்கம். ஒருவரே மீண்டும் அளந்தாலும், வேறொருவர் அளந்தாலும், ஒரே எண் வருகிறதா என்று பார்த்த பிறகே அக்கருவியை நம்புவார்கள். ஒயினைச் சுவைப்பவருக்கு மூக்கும் நாக்குமே அளவுக் கருவிகள் என்பதால், ஒயினைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் முன் அவரும் தம் புலன்களை இவ்வாறே சோதித்தாக வேண்டும்.

அப்புலன்கள் எவ்வளவு எளிதில் வழிதவறும் என்பதை ஆய்வுகள் தெளிவாகக் காட்டியுள்ளன. பிரான்சின் போர்தோவில் ஒயின் இயல் பயின்ற 54 மாணவர்களிடம் மணமற்ற சிவப்பு நிறம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தபோது, அவர்கள் அதன் மணத்தைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் விவரித்தனர் என்று 2001-இல் வெளிவந்த ஆய்வு பதிவு செய்தது. 2008-இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஆய்வில், 5 டாலர் ஒயினையே 45 டாலர் என்று சொல்லிக் கொடுத்தபோது பங்கேற்றவர்கள் அதைக் கூடுதலாக விரும்பியதோடு, இன்பத்தைப் பதியும் மூளைப் பகுதியும் கூடுதலாகச் செயல்பட்டது. ஆகவே விலை பேச்சை மட்டுமன்றி அனுபவத்தையே மாற்றிவிடுகிறது. அதே ஆண்டில், விவரம் மறைத்து நடத்திய 6,000-க்கும் மேற்பட்ட சுவைப்புகளைத் தொகுத்த மற்றோர் ஆய்வு, விலை தெரியாத நிலையில் பயிற்சியற்றோருக்கு விலை உயர்ந்த ஒயின்கள் சற்றுக் குறைவாகவே பிடித்திருந்தன என்று கண்டது. மலிவு விலைப் புட்டியை வாங்கத் தயங்குபவருக்கு இதைவிட நல்ல ஊக்கம் கிடைப்பது அரிது.

புலன்களைப் பழக்க மது தேவையில்லை. ஒரு குவளை நீரில் எலுமிச்சைச் சாறு, மற்றொன்றில் சிறிது சர்க்கரை, மூன்றாவதில் கடுமையாகக் காய்ச்சிய பாலில்லாத தேநீர் என வைத்து மாறி மாறிச் சுவைத்தால் புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு ஆகியவற்றைத் தனித்தனியே அறியலாம். துவர்ப்பை அறுசுவையுள் ஒன்றாக எண்ணுவது நம் மரபு. உடலியலோ அதைத் தொடுவுணர்வாகவே பெரிதும் கருதுகிறது. டானின்கள் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைந்து அதன் வழவழப்பைக் குறைப்பதால் நாக்கும் ஈறும் உலர்ந்து உராய்கின்றன என்பதே அதன் விளக்கம். இந்த உலர்வு நுண்ணியதாகப் படர்ந்தால் ஒயின் பக்குவமானது எனலாம். கசப்போடு கரகரப்பாக நின்றால், பழுக்காத விதையின் டானின் கூடுதலாக இறங்கியிருக்கலாம்.

ஒயின் நூல்கள் சிவப்பு ஒயினுக்குப் பரிந்துரைக்கும் ‘அறை வெப்பம்’ ஐரோப்பியக் குளிர் நாட்டு வீட்டினுடையது, அதாவது ஏறத்தாழ 16 முதல் 18 பாகை செல்சியஸ். கோடையில் 35 பாகையைத் தாண்டும் சென்னை வட்டாரத்து அறையில் ஆல்கஹால் விரைந்து ஆவியாகிப் பழமணத்தை மூடிவிடுவதால், புட்டியை முன்கூட்டியே குளிர்பதனப் பெட்டியில் வைப்பது இன்றியமையாதது. விளிம்பை நோக்கிக் குறுகும் கண்ணாடிக் குவளையில் 50 மில்லிலிட்டர் மட்டும் ஊற்றி, முதலில் அசைக்காமலும் பிறகு சுழற்றியும் முகர வேண்டும். காடி மணமோ ஈர அட்டையின் மணமோ எழுந்தால் குறை ஒயினில் இருக்கிறது. வாயில் வைத்த பின் சிறிது காற்றை உறிஞ்சினால், தொண்டையின் பின்வழியே மணம் மீண்டும் மூக்கை அடையும். ‘சுவை’ என்று நாம் சொல்வதன் பெரும்பகுதி இவ்வழியில்தான் பிறக்கிறது. தொழில்முறைச் சுவைஞர்கள் இதற்குப் பின் துப்பிவிடுகிறார்கள். மதுவில் பாதுகாப்பான அளவு என ஒன்றில்லை என்று 2023 சனவரியில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்த நிலையில், அந்த வழக்கம் எல்லோருக்கும் உகந்தது.

மதிப்பீட்டில், புளிப்பு, துவர்ப்பு, ஆல்கஹாலின் சூடு, இனிப்பு ஆகியவற்றுள் எதுவும் மற்றவற்றை அமுக்குகிறதா என்பதும், துப்பிய பின் மணம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் முதன்மையானவை. கோவாவின் மலிவான ‘போர்ட்’ வகைகள் போன்ற இனிப்பு ஒயின்களில் சர்க்கரை ஏனைய குறைகளை மறைத்துவிடும் என்பதால் அவற்றைக் கொண்டு பயிலத் தொடங்குவது நல்லதன்று.

இரண்டு புட்டிகளுள் விலை உயர்ந்தது உண்மையில் வேறுபட்டதா என்று அறிய முக்கோணச் சோதனை உதவும்: துணைக்கு ஒருவர் மூன்று குவளைகளில் இரண்டில் ஒரே ஒயினையும் ஒன்றில் மற்றதையும் ஊற்றித் தர, கண்ணை மூடிச் சுவைப்பவர் தனித்து நிற்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். தற்செயலாகவே மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும். ஐந்து முறையில் நான்கிலாவது தற்செயலாகச் சரியாகும் வாய்ப்போ நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. அந்த அளவை எட்டாதவர், அவ்விரண்டில் விலை குறைந்ததையே தயக்கமின்றி வாங்கலாம்.