பரிசோதனை முடிவு வந்து சேர்ந்ததா?

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், தோல் பதனிடும் தொழிற்சாலையில் பணிபுரியும் ஒருவர் கடும் சோர்வுடன் எங்களிடம் வந்தார். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர் என்பதால், பொட்டாசியம் அளவை அறிய ரத்த மாதிரி எடுத்து அனுப்பினோம். கருவி உரிய நேரத்தில் விடையளித்தது: 6.8. இயல்பான அளவு ஏறத்தாழ 3.5 முதல் 5 வரை; இவ்வளவு உயர்ந்தால் இதயத் துடிப்பே நின்றுவிடக் கூடும். ஆயினும் எங்கள் திரையில் 'முடிவு நிலுவையில் உள்ளது' என்ற சொற்களே நின்றன.

காரணம் எளியது. பதிவுப் பிரிவில் அவருடைய தலைப்பெழுத்து பெயருக்கு முன்னும், ஆய்வகப் பதிவில் பின்னும் இருந்தது. 'இருவரும் ஒருவர்தானா?' என்று ஐயுற்ற புதிய கணினி அமைப்பு, அந்த முடிவை ஒதுக்கி வைத்துவிட்டது. அபாய அளவுகளைத் தொலைபேசியில் நேரே சொல்ல வேண்டும் என்ற பழைய விதியை ஆய்வகப் பணியாளர் கடைப்பிடித்ததால், சிகிச்சை தாமதமாகவில்லை.

மருத்துவமனையின் பதிவேடுகளைச் சொந்தக் கணினி அறையிலிருந்து 'கிளவுட்' எனப்படும் தொலைதூரக் கணினிகளுக்கு மாற்றும்போது இத்தகைய சிக்கல்கள் எழுவதுண்டு. பதிவு, ஆய்வகம், எக்ஸ்ரே, மருந்தகம், கட்டணம், காப்பீடு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி மென்பொருள் உண்டு. அவற்றிடையே செய்தி செல்லும் பாதையே இடைமுகம். இடம் மாறும்போது ஒவ்வொரு பாதையையும் புதிதாக அமைத்துச் சரிபார்க்க வேண்டும்.

பாதை பழுதாவதில் இருவகை உண்டு. முதலாவது, எல்லோருக்கும் தெரியும் பழுது. 2022 நவம்பர் 23 அன்று புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலால் முடங்கின. சுமார் இரண்டு வாரங்கள் பதிவும் பரிசோதனைச் சீட்டுகளும் கையால் எழுதப்பட்டன. துன்பம் பெரிது, ஆனால் பழுது என்பதை அனைவரும் அறிந்திருந்ததால், காகிதமும் பேனாவும் உடனே கைக்கு வந்தன.

இரண்டாவது, ஓசையில்லாப் பழுது. இங்கிலாந்தின் நியூகாசில் நகர மருத்துவமனைகளில், நோயாளிகளுக்கும் குடும்ப மருத்துவர்களுக்கும் செல்ல வேண்டிய சுமார் 24,000 கடிதங்கள் கணினிக்குள்ளேயே தேங்கியிருந்தது 2023இல் வெளியுலகுக்குத் தெரிந்தது. அவற்றுள் சில 2018ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. கணினி நிற்கவில்லை; எச்சரிக்கை ஒலிக்கவில்லை; கடிதங்கள் மட்டும் போகவில்லை. மருத்துவராகிய நாங்கள் அதிகம் அஞ்சுவது இதற்கே.

இதைத் தடுக்கும் முதல் ஏற்பாடு ஒப்புகை. முன்பு பதிவுத் தபாலுக்கு ஒப்புகை அட்டை திரும்பி வந்ததுபோல, ஒவ்வொரு முடிவுக்கும் 'பெற்றுக்கொண்டேன்' என்ற விடை வர வேண்டும். வராவிட்டால் கணினி மீண்டும் அனுப்பும். ஒரே முடிவு இருமுறை பதிவாகாதிருக்க, ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு.

ஆனால் பெயர் பொருந்தாத செய்தியை நூறு முறை அனுப்பினாலும் பயனில்லை. அதைத் தனித் தட்டில் வைத்து, ஒரு மனிதரை அழைக்க வேண்டும். அன்று கணினி அந்த முடிவை ஏற்க மறுத்தது தவறன்று; ஒருவரின் பொட்டாசியம் அளவை மற்றொருவர் கணக்கில் எழுதுவது அதனினும் கொடிது. மறுத்ததை யாரிடமும் சொல்லாததே தவறு. இப்போது அந்தத் தட்டைப் பார்ப்பதற்கென ஒவ்வொரு பணிமுறையிலும் ஒருவரைப் பொறுப்பாக்கியுள்ளோம்.

மூன்றாவது, எண்ணிக்கை. காலையில் எத்தனை மாதிரிகள் சென்றன, எத்தனை முடிவுகள் வந்தன என்பதை ஒப்பிட்டு வருகிறோம். நெரிசலான நேரத்தில் முடிவுகளே வராதிருந்தால், அந்த அமைதியையே எச்சரிக்கையாகக் கொள்கிறோம். அதே வேளையில், தேவையற்ற எச்சரிக்கைகளைக் குறைக்கவும் முயல்கிறோம். ஓயாமல் ஒலிக்கும் மணியை எவரும் கேட்பதில்லை என்பதைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நாங்கள் நன்கறிவோம்.

இவ்வளவுக்குப் பின்னரும் தங்கள் உதவி எங்களுக்குத் தேவை. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி எனப் பல ஊர்களிலிருந்து வருவோரின் பெயர்கள் ஆதாரில் ஒரு விதமாகவும், ஈ.எஸ்.ஐ. அட்டையில் வேறு விதமாகவும் இருப்பதை அன்றாடம் காண்கிறோம். ஆகவே, நோயாளிகளையும் உடனிருப்போரையும் கேட்டுக்கொள்வது இது:

• மருத்துவமனை எண் உள்ள அட்டையை ஒவ்வொரு முறையும் கொண்டு வாருங்கள். அட்டை தொலைந்தால் புதிய பதிவு செய்யாமல், பழைய எண்ணைத் தேடித் தரச் சொல்லுங்கள்.

• ரத்தம் எடுக்கும் முன், குழாயில் ஒட்டிய பெயரையும் எண்ணையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

• முடிவு எப்போது வரும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் கடந்தால் செவிலியரிடம் தயங்காமல் வினவுங்கள்.

• பழைய முடிவுகளின் தாள்களைப் பத்திரப்படுத்துங்கள்.

• தங்கள் கைப்பேசி எண் மாறியிருந்தால் பதிவுப் பிரிவில் தெரிவியுங்கள்.

'ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே எல்லாம் நலம்' என்று எண்ணி வீடு திரும்ப வேண்டாம். முடிவு வராதது நல்ல முடிவுக்கு அடையாளம் ஆகாது. தாங்கள் கேட்கும் ஒரு கேள்வி எங்களுக்குத் தொந்தரவன்று. எந்தக் கணினியும் தராத ஒரு காவல் அது.