தோலுக்கு வீட்டில் சாயம் ஏற்றுதல்: கடைக்காரர் அறிந்திருக்க வேண்டியவை

நிறம் மங்கிய தோல் செருப்பையும் பெல்ட்டையும் கைப்பையையும் தூக்கி எறிய மனமில்லாமல், வீட்டிலேயே சாயம் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் கடைக்கு அடிக்கடி வருகிறார்கள். முன்பெல்லாம் இந்த வேலை முழுவதும் செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் இருந்தது. தோலைக் கையில் எடுத்ததும் அது எப்படிப்பட்டது, எந்தச் சாயம் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். இன்று பாட்டில் வாங்கிப்போகும் வாடிக்கையாளருக்கு அது தெரியாது. ஆகவே அதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு, விற்கின்ற நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

ஒரு சாய பாட்டிலில் நமக்கு நிற்கும் லாபம் சில ரூபாய்கள்தான். சாயம் பிடிக்காமல் போனாலோ, வெள்ளை வேட்டியில் பெல்ட்டின் நிறம் ஒட்டிக்கொண்டாலோ, வாடிக்கையாளருக்கு நஷ்டம் ஆயிரக்கணக்கில் போகும். அவர் தயாரிப்பாளரைத் தேடிப் போகமாட்டார். நம் கடைக்குத்தான் வருவார். கிரைண்டரி சாமான் மொத்த வியாபாரத்தில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில், நம் சங்க உறுப்பினர்களுக்குப் பயன்படும் சில விவரங்களை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

தோலில் எத்தனை வகை?

முதலாவது, பட்டைத் தோல். ஆவாரம்பட்டை, வாட்டில் பட்டை, கடுக்காய் முதலியவற்றின் துவர்ப்பைக் கொண்டு பதனிட்டது. இந்தத் துவர்ப்புச் சத்தைத்தான் டானின் என்கிறார்கள். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு வட்டாரங்களில் பரம்பரையாக இந்த முறை நடந்து வந்தது. 'ஈ.ஐ. தோல்' என்ற பெயரில் வெளிநாட்டுச் சந்தையில் மதிப்புப் பெற்றதும் இதுவே. இது சாயத்தை நன்றாகக் குடிக்கும்.

இரண்டாவது, குரோம் தோல். குரோமிய உப்பில் பதனிட்டது. மென்மையாக இருக்கும், சூட்டையும் தாங்கும். பதனிட்டவுடன் நீல நிறமாக இருப்பதால் தொழிலில் இதை வெட் புளூ என்பார்கள். இன்று உலகில் பதனிடப்படும் தோலில் பெரும்பகுதி இந்த வகைதான். நம் நாட்டில் 1970-களின் தொடக்கத்தில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு கொண்டு வந்தது. அதன்பின் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தொழிற்சாலைகள் முடிக்கப்பட்ட தோல், காலணி என்று திரும்பின. கடைகளில் இன்று நாம் பார்க்கும் ஷூக்களும் பைகளும் பெரும்பாலும் குரோம் தோலாக இருப்பதற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம்.

மூன்றாவது, மேலே பூச்சு ஏறிய தோல். உள்ளே பட்டைத் தோலாகவும் இருக்கலாம், குரோம் தோலாகவும் இருக்கலாம். மேற்பரப்பில் பிக்மெண்ட், பிசின், லாக்கர் என்று ஏதாவது ஒரு படலம் மூடியிருக்கும். இந்தப் படலம் சாயத்தை உள்ளே விடாது.

நான்காவது, தோலே அல்லாதது. ரெக்சின், பி.யூ. எல்லாம் இதில் சேரும். தோல் என்று சொல்லி விற்கப்படும் பைகளில் இவை ஏராளம். இவற்றுக்குத் தோல் சாயம் பயனில்லை.

கண்டுபிடிப்பது எப்படி?

கடை மேசையிலேயே மூன்று சோதனைகள் செய்யலாம். பொருளின் உட்பக்கத்தையும் வெட்டிய ஓரத்தையும் முதலில் பாருங்கள். பின்பக்கம் நெசவுத் துணி தெரிந்தால் அது ரெக்சின் வகை. நார் நாராகத் தெரிந்தால் தோல். ஆனால் பையின் உள் துணியைப் பார்த்து ஏமாறக் கூடாது. தையல் மடிப்பில் பார்க்க வேண்டும்.

அடுத்து, வெட்டிய ஓரத்தின் நிறம். சாயம் உள்ளே வரை போகாத இடத்தில் பட்டைத் தோல் பழுப்பாகவும், குரோம் தோல் சாம்பல் கலந்த நீலமாகவும் தெரியும்.

மூன்றாவது, தண்ணீர்ச் சோதனை. மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில வினாடிகளில் உறிஞ்சிக் கருத்தால் சாயம் பிடிக்கும். முத்துப்போல உருண்டு நின்றால் மேலே பூச்சு இருக்கிறது, அல்லது மெழுகு பாலீஷ் ஏறியிருக்கிறது என்று பொருள். பாலீஷைத் துடைத்துவிட்டு மறுபடி ஒருமுறை பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

எந்தத் தோலுக்கு எந்தச் சாயம்?

ஸ்பிரிட் சாயம் விரைவாக ஊறும், விரைவாக உலரும், ஆழமாக இறங்கும். பூச்சில்லாத பட்டைத் தோலுக்கும் குரோம் தோலுக்கும் ஏற்றது. தோலில் உள்ள எண்ணெய்ப் பசையை இது கொஞ்சம் இழுத்துவிடும் என்பதால், பிறகு எண்ணெய் இட வேண்டும்.

தண்ணீர்ச் சாயத்தில் வாடை குறைவு, தீப்பிடிக்கும் பயம் இல்லை. வீட்டில் குழந்தைகள் இருப்பவருக்கு இதையே கொடுங்கள். ஆழம் சற்றுக் குறையும். மேல்பூச்சு தராவிட்டால் மழையில் கசியும்.

அக்ரிலிக் தோல் வர்ணம் ஊறுவதில்லை. மேலே படலமாக நிற்கும். பூச்சு ஏறிய ஷூவுக்கும் சோபாவுக்கும் இதுதான் வழி. கனமாகப் பூசினால் மடிப்பில் வெடிக்கும்.

ஷூ பாலீஷும் கிரீமும் மங்கலை மறைக்கும், பளபளப்புத் தரும். நிறத்தை மாற்றாது. பாதிப் பேருக்குத் தேவைப்படுவது உண்மையில் இதுதான். அவருக்குச் சாயத்தை விற்காமல் ஒரு டப்பா கிரீம் விற்றால், அவர் அடுத்த மாதமும் வருவார்.

இன்னொன்றையும் வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும். சாயத்தால் வெளிர் நிறத்தைக் கருமையாக்கலாம். கருமையை வெளிர் நிறமாக்க முடியாது. மஞ்சள் தோலில் நீலம் ஏற்றினால் பச்சை கலந்துதான் வரும். கறுப்பு, அடர் பழுப்பு இரண்டும்தான் புதியவர் கைக்குச் சரியாக அமையும்.

செய்முறை

1. தூசியைத் துடைத்து, பக்கிள், வெள்ளைத் தையல் முதலியவற்றைக் காகித டேப்பால் மூட வேண்டும்.

2. பாலீஷும் எண்ணெய்ப் பசையும் போகும்படி, பஞ்சில் சிறிது அசிட்டோன் தொட்டு மெல்லத் துடைக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் தோலின் முகம் போய்விடும். அசிட்டோன் நெருப்பை இழுக்கும். ஆகவே சமையலறையிலும் பூஜை விளக்கின் பக்கத்திலும் இந்த வேலை ஆகாது. ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டுக்கொள்ள வேண்டும்.

3. மறைவான இடத்தில் சிறிது சாயம் தொட்டு, மறுநாள் வரை பொறுத்துப் பார்க்க வேண்டும். ஈரத்தில் தெரியும் நிறம் வேறு, உலர்ந்தபின் நிற்கும் நிறம் வேறு.

4. தண்ணீர்ச் சாயமானால், ஈரத்துணியால் தோலை ஒரே சீராக நனைத்துக்கொண்டால் திட்டுத் திட்டாக வராது.

5. பழைய பனியன் துணியிலோ ஸ்பாஞ்சிலோ தொட்டு, சிறு வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். ஒரே தடவையில் கனமாகப் பூசுவதைவிட, மெல்லியதாக இரண்டு மூன்று தடவை பூசுவது நல்லது. ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் நன்றாக உலர விட வேண்டும்.

6. நிழலில் ஒரு நாள் முழுக்க உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தாலும் அடுப்பருகே வைத்தாலும் தோல் விறைத்து வெடிக்கும்.

7. உலர்ந்தபின் வெள்ளைத் துணியால் நன்றாகத் தேய்க்க வேண்டும். துணியில் நிறம் ஒட்டுவது நிற்கும்வரை தேய்ப்பதுதான் முக்கியமான கட்டம். பெல்ட் சாயம் வேட்டியில் ஒட்டுவதெல்லாம் இதைச் செய்யாததால் வருவதே.

8. தோல் எண்ணெய் அல்லது கண்டிஷனர் சிறிது தடவி, மறுநாள் மேல்பூச்சுத் தர வேண்டும்.

சாயம் முழுவதும் உலராமல் காலில் போடக் கூடாது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அனிலின், நைட்ரோபென்சீன் கலந்த காலணிச் சாயங்கள் மேல்நாடுகளில் விற்கப்பட்டன. ஈரம் காயாத ஷூவைப் போட்டவர்களுக்கு நச்சு தோல் வழியாக இரத்தத்தில் ஏறி உதடும் நகமும் நீலம் பூத்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. இன்றைய நல்ல தயாரிப்புகளில் அவை இல்லை. என்றாலும் பெயர் தெரியாத மலிவுச் சரக்கில் என்ன இருக்கிறது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

கடுக்காயும் இரும்பும்

பட்டைத் தோலைக் கறுப்பாக்க, பாட்டில் சாயமே இல்லாத பழைய முறை ஒன்று உண்டு. டானினும் இரும்பும் சேர்ந்தால் கருமை பிறக்கும். நம் முன்னோர் கடுக்காயில் மை செய்ததும், காளஹஸ்தி கலம்காரித் துணியில் இரும்பையும் வெல்லத்தையும் புளிக்கவைத்துக் கறுப்புக் கோடு போடுவதும் இதே தத்துவம்தான்.

அரை லிட்டர் வினிகரில் ஒரு சிறு உருண்டை இரும்பு நார் போட வேண்டும். நாரில் உள்ள எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவி எடுத்துக்கொள்வது அவசியம். ஓரிரு வாரம் ஊற வேண்டும். வாயு கிளம்பும் என்பதால் மூடியை இறுக்காமல், நெருப்பு இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். வடிகட்டித் தோலில் தடவினால் சில நிமிடங்களில் கருக்கும். கருமை போதவில்லை என்றால், முதலில் கடுக்காய்க் கஷாயமோ கெட்டியான தேயிலைச் சாறோ தடவி உலர்த்திவிட்டு இதைத் தடவலாம். முடிவில் அரை லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடா கரைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரால் மறுபடி துடைத்து, நிழலில் உலர்த்தி எண்ணெய் இட வேண்டும். புளிப்பு நீங்காமல் விட்டால் தோல் நாளடைவில் பொடியும். இந்தக் கருமை நாருக்குள்ளேயே உண்டாவதால் எளிதில் கசியாது. ஆனால் குரோம் தோலில் டானின் கிடையாது. அதில் இந்த முறை பலிக்காது.

துணிச் சாயம் ஆகாது

துணிக்குப் போடும் பொடிச் சாயத்தைக் கொதிநீரில் கரைத்து, அதில் தோலை முக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பட்டைத் தோல் 70 முதல் 85 டிகிரிச் சூட்டிலேயே சுருங்கத் தொடங்கிவிடும். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் ஓடு மாதிரி ஆகிவிடும். அப்படிக் கெட்ட தோலைத் திரும்ப நேராக்க எந்தத் தொழிலாளியாலும் முடியாது. பொடிச் சாயம் கேட்பவரிடம் "எதற்கு வேண்டும்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சில்லறையில் ஊற்றி விற்பது

சிலர் பெரிய கேனில் ஸ்பிரிட் சாயமும் தின்னரும் வாங்கி, பழைய பாட்டில்களில் ஊற்றி விற்கிறார்கள். இதை உடனே நிறுத்த வேண்டும். டிநேச்சர்டு ஸ்பிரிட், பிரெஞ்சு பாலீஷ் முதலியவற்றுக்குத் தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டு முதலே தனி விதிகள் இருக்கின்றன. உரிமம் இல்லாமல் கையாள முடியாது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொடுத்த ஸ்பிரிட்டை ஒரு குழந்தை எடுத்துக் குடித்தால் அந்தப் பழியிலிருந்து நாம் தப்ப முடியாது.

சாதாரணத் தண்ணீர்ச் சாயத்தையே சிறு பாட்டிலில் அடைத்து விற்பதானாலும், 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி அடைத்தவர் பெயர், முகவரி, நிகர அளவு, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளை மாற்றி விற்பவரையும், தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையை வாங்குபவருக்குச் சேர்க்காமல் விட்டவரையும் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாக்குகிறது.

கொள்முதலில் கவனம்

தடை செய்யப்பட்ட சாயங்கள் உண்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பென்சிடின் போன்ற புற்றுநோய் உண்டாக்கும் பொருளை வெளிவிடக்கூடிய அசோ சாயங்களை ஜெர்மனி 1994-இல் தடுத்தது. அப்போது நம் ஏற்றுமதியாளர்கள் பட்ட பாடு இத்தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். இந்திய அரசும் 1997-இல் 70 அசோ சாயங்களைக் கையாளத் தடை விதித்தது. ஆகவே பில் இல்லாத, லேபிள் இல்லாத சாயம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். தயாரிப்பாளர் பெயர், பேட்ச் எண், பாதுகாப்பு விவரத் தாள் மூன்றும் கேட்டு வாங்குங்கள். தாள் தர மறுக்கும் சப்ளையரை விட்டுவிடுவது நல்லது.

மேசையில் செய்ய வேண்டியது

பட்டைத் தோல், குரோம் தோல், பூச்சுத் தோல், ரெக்சின் என நான்கு சிறு துண்டுகளை ஓர் அட்டையில் ஒட்டி மேசையில் வையுங்கள். வாடிக்கையாளர் தம் பொருளை அதனுடன் ஒப்பிட்டுப் பார்த்துத் தாமே தெரிந்துகொள்வார். பக்கத்திலேயே ஒரு சொட்டுத் தண்ணீருக்கு வழி இருக்கட்டும். சாயம் தொடும் பையனுக்கும் இதைக் கற்றுக்கொடுங்கள்.

விலை உயர்ந்த பொருளோ, வீட்டுப் பெரியவர் நினைவாக வைத்திருக்கும் பொருளோ வந்தால், பாட்டிலைக் கொடுக்காமல் உங்கள் தெருவில் உள்ள நல்ல தொழிலாளியிடம் அனுப்பி வையுங்கள். அவர் நூலும் பசையும் சாயமும் வாங்குவது நம்மிடம்தான். அவருக்கு வேலை கிடைத்தால் நம் சரக்கும் நகரும், வாடிக்கையாளரின் பொருளும் பிழைக்கும்.